முதலில் வாய் திறக்கிறவரின் சீட்டு: போக்கரில் முன்னிருக்கை ஆட்டம்

திருகோணமலைக் கரையில் விடியற்காலையில் மீன் கூறி விற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வள்ளம் கரையேறியதும் மீனைச் சாக்கில் கொட்டுவார்கள். சுற்றி ஏழெட்டு வியாபாரிகள் நிற்பார்கள். சைக்கிளில் பெட்டி கட்டி ஊருக்குள் விற்பவர், மோட்டார் சைக்கிள்காரர், ஐஸ் பெட்டியில் வெளியூருக்கு ஏற்றுபவர் என்று எல்லாரும் பார்ப்பது ஒரே குவியலைத்தான். யாராவது ஒருவர் முதலில் விலை சொல்ல வேண்டும். சங்கடம் அந்த முதல் ஆளுக்குத்தான். மற்றவர்கள் மனதில் என்ன விலை இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. அவர் மனதில் இருப்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கடைசியாக வாய் திறப்பவரோ ஏழு பேரின் குரலையும் முகத்தையும் பார்த்துவிட்டுத் தன் விலையைச் சொல்கிறார். மீன் ஒன்றுதான், இரண்டு பேரின் நிலைமையும் ஒன்றல்ல.

போக்கரிலும் இதேதான். கையில் என்ன சீட்டு வந்திருக்கிறது என்று எல்லாரும் பார்க்கிறோம். எந்தக் கதிரையில் இருந்துகொண்டு அந்தச் சீட்டை ஆடப்போகிறோம் என்பதைப் புதிதாகப் பழகுபவர்கள் பார்ப்பதில்லை. நானும் முதல் இரண்டு மாரிகாலம் பார்க்கவில்லை. நான் பழகியது உப்புவெளியில், சித்தப்பா வீட்டு விறாந்தையில். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று எழும்பிக் கடல் கொந்தளித்தால் வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடக்கும், வீட்டில் ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். அதுவரை எங்களுக்கு 304 என்ற சீட்டாட்டம்தான். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் ஒருவன்தான் போக்கரைக் கொண்டுவந்தான். காசு வைக்கக்கூடாது என்பது சித்தப்பா போட்ட முதல் சட்டம். அம்மம்மா சேர்த்து வைத்திருந்த புளியங்கொட்டைதான் எங்கள் காசு, ஆளுக்கு 200. இந்தக் கட்டுரையில் வரும் கணக்கெல்லாம் அந்தப் புளியங்கொட்டைக் கணக்குத்தான். நீங்களும் அப்படியே பழகுங்கள். காசு நடுவில் வந்துவிட்டால் கவனம் அதன் மேலே போய்விடும், ஆட்டத்தைப் படிக்க முடியாது.

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போக்கரில் பல வகை உண்டு. இன்று உலகம் முழுவதும் பெரும்பாலும் ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டெம். டெக்சாஸ் மாநிலத்தின் ராப்ஸ்டவுன் என்ற சிறிய ஊரே இதன் பிறப்பிடம் என்று அந்த மாநிலச் சட்டமன்றம் 2007இல் தீர்மானமே நிறைவேற்றியது. ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்துத் தருவார்கள். நடுவில் ஐந்து சீட்டு, எல்லாருக்கும் பொதுவாக, முகம் காட்டி வைப்பார்கள். முதலில் மூன்று சேர்ந்து விழும், அதற்கு ஃப்ளாப் என்று பெயர். பிறகு ஒன்று, அது டர்ன். கடைசி ஒன்று ரிவர். உங்கள் இரண்டும் நடுவில் உள்ள ஐந்தும் சேர்ந்த ஏழில் மிகச் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. ஃப்ளாப்புக்கு முன் ஒரு சுற்று, ஃப்ளாப்புக்குப் பின் ஒன்று, டர்னுக்குப் பின் ஒன்று, ரிவருக்குப் பின் ஒன்று என்று நாலு சுற்றுப் பந்தயம். ஒவ்வொரு சுற்றிலும் பந்தயத்தைக் கூட்டலாம், அல்லது கேட்டதைக் கொடுத்துத் தொடரலாம், அல்லது சீட்டை மடக்கலாம். இவைதான் ரெய்ஸ், கால், ஃபோல்ட். யாரும் இன்னும் பந்தயம் வைக்காவிட்டால் ஒன்றும் வைக்காமல் தட்டிவிட்டுப் போகலாம், அது செக்.

304 தெரிந்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதில் முறை வலப்பக்கமாகச் சுற்றும், போக்கரில் இடப்பக்கமாகச் சுற்றும். அதைவிடப் பெரிய வித்தியாசம், 304இல் எதிரே துணை ஒருவர் இருப்பார். நீங்கள் கேள்வி கேட்டுத் தவறினாலும் அவர் கையில் ஒரு துரும்பு இருக்கலாம். போக்கரில் துணை கிடையாது, மேசையில் உள்ள எல்லாரும் எதிராளிகள்தான்.

இனிக் கதிரைகளுக்கு வருவோம். சீட்டுப் போடுபவர் முன்னால் பட்டன் என்று ஒரு வட்டம் இருக்கும். எங்கள் விறாந்தையில் அது தேய்த்து மினுக்கிய ஒரு சிரட்டைத் துண்டு. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அது இடப்பக்கம் ஒரு ஆள் நகரும். பட்டனுக்கு இடப்பக்கத்தில் முதலில் இருப்பவர் சிறிய பிளைண்ட், அவர் சீட்டைப் பார்க்காமலே ஒரு கொட்டை வைக்க வேண்டும். அடுத்தவர் பெரிய பிளைண்ட், அவர் இரண்டு வைக்க வேண்டும். நடுவில் ஏதாவது இருந்தால்தானே ஆட்கள் அதற்காகப் போட்டி போடுவார்கள், அதற்குத்தான் இந்தக் கட்டாயம். அப்புறம் சீட்டைப் பார்த்து முதலில் பேச வேண்டியவர் பெரிய பிளைண்டுக்கு இடப்பக்கத்தில் இருப்பவர். அவர் இருக்கையை ஆங்கிலம் பேசும் ஆட்டக்காரர்கள் ‘அண்டர் த கன்’ என்பார்கள், துப்பாக்கி முனையில் இருப்பவர் என்று பொருள். ஒன்பது பேர் ஆடும் மேசையில் இவரும் இவருக்கு அடுத்த இருவரும் இருப்பதைத்தான் முன்னிருக்கை என்கிறோம். பட்டனும் அதற்குச் சற்று முந்திய இடங்களும் பின்னிருக்கை.

உங்களுக்குப் பின்னால் எட்டுப் பேர்

முன்னிருக்கை ஏன் கஷ்டம் என்பதைச் சும்மா சொன்னால் மனதில் நிற்காது, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 52 சீட்டில் இரண்டு எடுத்தால் 1326 விதமான கைகள் வரலாம். அதில் மிக வலுவானவை என்று ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, ஜாக் ஜோடி, ஏஸ்–ராஜா ஆகிய ஐந்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஜோடியும் 6 விதத்தில் வரலாம், ஏஸ்–ராஜா 16 விதத்தில். மொத்தம் 40. அதாவது ஒருவருக்கு இவற்றில் ஒன்று வரும் வாய்ப்பு 100க்கு 3தான். சின்ன எண், பயப்பட ஒன்றுமில்லை போலத் தெரியும்.

ஆனால் நீங்கள் முதல் ஆளாகப் பேசும்போது உங்களுக்குப் பின்னால் எட்டுப் பேர் இருக்கிறார்கள். அந்த எட்டில் ஒருவருக்காவது இந்தக் கைகளில் ஒன்று இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 22 சதவீதம், ஐந்து தடவைக்கு ஒரு தடவைக்கும் சற்று மேல். இதையே பட்டனில் இருந்து பாருங்கள். மற்றவர்கள் எல்லாரும் மடக்கிவிட்டார்கள், மிச்சம் இரண்டு பிளைண்டுகள் மட்டும். இப்போது அந்த வாய்ப்பு 6 சதவீதம், பதினேழு தடவைக்கு ஒன்று. உங்கள் கையில் இருக்கும் இரண்டு சீட்டும் மாறவில்லை. கதிரைதான் மாறியிருக்கிறது.

இது முதல் கஷ்டம். இரண்டாவது கஷ்டம் ஃப்ளாப்புக்குப் பிறகு வருகிறது, அது முதலாவதைவிடப் பெரியது என்பது என் அபிப்பிராயம். பட்டனில் இருப்பவர் உங்களைத் தொடர்ந்து வந்துவிட்டால், ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் நீங்கள் அவருக்கு முன்னால் பேச வேண்டும். ஒரு தடவை நடந்து முடிகிற விஷயமில்லை இது. நீங்கள் பந்தயம் வைத்தால் அவர் கூட்டலாம். நீங்கள் தட்டிவிட்டால் அவர் இலவசமாக அடுத்த சீட்டைப் பார்க்கலாம், அல்லது பந்தயம் வைத்து உங்களைத் துரத்தலாம். எதைத் தெரிவு செய்வது என்ற வசதி மூன்று தடவையும் அவருக்கே போகிறது.

ஏஸ்–ஜாக் எனக்குச் சொல்லித் தந்தது

இரண்டாவது மாரியில் ஒரு பின்னேரம், ஓடு அதிர மழை. ஒன்பது பேர் பாயில் வட்டமாக இருந்தோம். நான் முதல் ஆள். கையில் ஸ்கோப்பன் ஏஸ், ஆடத்தன் ஜாக். (ஸ்கோப்பன், ஆடத்தன், கலாவரை என்று நாம் சீட்டு இனங்களுக்கு வைத்திருக்கும் பெயர்கள் ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்தவை. கோட்டைக்குப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு அந்தச் சொற்களைக் கேட்க எப்போதும் ஒரு சந்தோஷம்.) ஏஸைக் கண்டதும் மனம் நிறைந்துவிட்டது. ஆறு கொட்டை வைத்துக் கூட்டினேன். ஏழு பேர் மடக்கினார்கள், பட்டனில் இருந்த மச்சான் மட்டும் ஆறு வைத்துத் தொடர்ந்தான். பிளைண்டுகள் விட்டுப்போன மூன்றையும் சேர்த்து நடுவில் 15.

ஃப்ளாப்பில் ஏஸ், எட்டு, நாலு. மூன்றும் வெவ்வேறு இனம். நான் எட்டு கொட்டை வைத்தேன், மச்சான் யோசிக்காமல் தொடர்ந்தான். நடுவில் 31. டர்னில் ஒரு இரண்டு. நான் பதினாறு வைத்தேன். அவன் கொட்டைகளை இரண்டு இரண்டாக எண்ணி நடுவில் தள்ளினான், முகத்தில் ஒன்றுமில்லை. நடுவில் 63. ரிவரில் ஒன்பது. எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது, தட்டினேன். அவன் முப்பது வைத்தான். ஏஸ் ஜோடியை எப்படி விடுவது? நானும் முப்பது வைத்தேன். அவன் திருப்பிக் காட்டினான்: ஏஸ்–ராணி. இரண்டு பேருக்கும் ஏஸ் ஜோடி, பக்கத்துச் சீட்டில் ராணி ஜாக்கை வென்றது. அறுபது கொட்டை போய்விட்டது.

“ஏஸ் வந்ததாலதான் நீ தோத்தனி,” என்றார் சித்தப்பா. அந்தச் சொல்லைப் பிறகு பல நாள் யோசித்தேன். ஏஸ் வராமல் போயிருந்தால் நான் சீக்கிரமே மடக்கியிருப்பேன், ஆறு கொட்டையோடு போயிருக்கும். எனக்கு வேண்டிய சீட்டு விழுந்ததால்தான் அறுபது போனது.

முன்னிருக்கையில் நடுத்தரக் கைகள் ஆபத்தானவை என்பதற்கு இதுதான் காரணம். முதல் ஆளாக நீங்கள் கூட்டிய பிறகும் ஒருவர் தொடர்கிறார் என்றால், அவர் கையில் சாதாரணச் சீட்டு இருக்க வாய்ப்புக் குறைவு. ஏஸோடு தொடர்பவரிடம் ஏஸ்–ராணியோ ஏஸ்–ராஜாவோ இருக்கும். அப்படி ஏஸ் இரண்டு பக்கமும் இருந்து பக்கத்துச் சீட்டு மட்டும் தாழ்ந்திருந்தால், நாலு தடவையில் ஏறத்தாழ ஒரு தடவைதான் தாழ்ந்தவருக்கு வெற்றி. ஏஸ்–ஜாக், ராஜா–ஜாக், ராஜா–பத்து, ராணி–பத்து எல்லாம் பார்க்க அழகான கைகள். பட்டனில் தாராளமாக ஆடலாம். முதல் கதிரையில் அவை நாம் விலை கொடுத்து வாங்கும் தொல்லை.

அப்படியானால் எதை ஆடுவது? நான் இப்போது புதிதாகப் பழகுபவர்களுக்குச் சொல்வது இது. ஒன்பது பேர் மேசையில் முதல் கதிரையில் இருந்தால், ஏழு ஜோடியிலிருந்து ஏஸ் ஜோடி வரை எல்லா ஜோடிகளும். ஒரே இனமாக வந்தால் ஏஸோடு ராஜா, ராணி, ஜாக், பத்து. ஒரே இனத்து ராஜா–ராணி. வெவ்வேறு இனமாக வந்தால் ஏஸ்–ராஜா, ஏஸ்–ராணி மட்டும். எண்ணிப் பார்த்தால் 1326இல் 92 கைகள், அதாவது பதினாலு கைக்கு ஒன்று. அனுபவசாலிகள் இன்னும் சில கைகளைச் சேர்ப்பார்கள், ஒரே இனத்து ஜாக்–பத்து போன்றவற்றை. அது பிறகு பார்க்கலாம். இதே அனுபவசாலிகள், முன்னால் உள்ள எல்லாரும் மடக்கிவிட்டால் பட்டனில் இருந்து நூறில் நாற்பதுக்கு மேற்பட்ட கைகளை ஆடுவார்கள். இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஒரே இனம் என்பதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று கேட்கலாம். ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால் ஃப்ளஷ். அது அடிக்கடி வராது, ஆனால் வரும்போது பெரிய குவியலை வெல்லும். இடையில் நாலு சேர்ந்து ஐந்தாவதற்காகக் காத்திருக்கும்போது, துணிந்து பந்தயம் வைக்க அது ஒரு காரணமும் தரும். முதலில் பேச வேண்டியவருக்கு அப்படியொரு காரணம் கையில் இருப்பது பெரிய உதவி.

மேசையில் ஆட்கள் குறைந்தால் கதை மாறும். ஆறு பேர் மட்டும் ஆடினால் முதல் ஆளுக்குப் பின்னால் ஐந்து பேர்தான், மேலே சொன்ன 22 சதவீதம் 14 ஆகிவிடும். அப்போது இன்னும் சில கைகளைத் திறக்கலாம். பின்னால் எத்தனை பேர் என்று எண்ணிப் பழகுங்கள், இருக்கையின் பெயரை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

ஆடினால் கூட்டி ஆடுங்கள்

புதியவர்கள் முதல் கதிரையில் செய்யும் இன்னொரு பிழை, பெரிய பிளைண்டுக்குச் சமமாக இரண்டு கொட்டையை மட்டும் வைத்துவிட்டு உள்ளே வருவது. இதற்கு லிம்ப் என்று பெயர், நொண்டி நொண்டி வருவது. செலவு குறைவு, ஃப்ளாப்பைப் பார்த்துவிட்டு யோசிக்கலாம் என்று தோன்றும். மீன் கூறும் இடத்துக்குத் திரும்பப் போவோம். நல்ல அறக்குளாக் குவியலுக்கு முதல் ஆள் மிகக் குறைந்த விலை சொன்னால் என்ன நடக்கும்? வாங்கும் எண்ணமே இல்லாமல் நின்றவரும் வாயைத் திறப்பார். முதல் ஆள் நியாயமான விலையை உறுதியான குரலில் சொன்னால் பாதிப் பேர் அடுத்த வள்ளத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

லிம்ப் செய்தால் பின்னால் உள்ளவர்கள் நாலைந்து பேர் மலிவாக உள்ளே வருவார்கள். உங்கள் கையில் ராணி ஜோடி இருந்தாலும், ஐந்து பேரை எதிர்த்து அது நிலைப்பது கஷ்டம். ஃப்ளாப்பில் ஒரு ராஜாவோ ஏஸோ விழுந்தால் யாரிடம் அது இருக்கிறதென்று தெரியாமல் தவிப்பீர்கள். பெரிய பிளைண்டில் இருப்பவர் ஒன்றும் கொடுக்காமலே மூன்று சீட்டைப் பார்த்துவிடுவார், அவர் கையில் ஒன்பது–மூன்று இருந்தாலும்.

ஆகவே ஆட வேண்டிய கை வந்தால் கூட்டுங்கள். அளவு பெரிய பிளைண்டின் இரண்டரை மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை. எங்கள் கணக்கில் ஐந்து அல்லது ஆறு கொட்டை. எல்லாரும் மடக்கினால் நடுவில் உள்ள மூன்றும் உங்களுக்கு, யாராவது தொடர்ந்தால் எதிராளி ஒருவரோ இருவரோதான். இன்னொரு நன்மையும் உண்டு. முதல் கதிரையிலிருந்து கூட்டுபவரை மேசை மதிக்கும். எட்டுப் பேர் பின்னால் இருக்கத் துணிந்து கூட்டுகிறார் என்றால் ஏதோ இருக்கிறது என்று நினைப்பார்கள். நீங்கள் பதினாலு கைக்கு ஒன்று மட்டும் ஆடுவதை அவர்கள் பார்த்திருந்தால் அந்த மதிப்பு இன்னும் கூடும்.

அளவை மட்டும் மாற்றாதீர்கள். ஏஸ் ஜோடி வந்தால் பத்து, ஏழு ஜோடி வந்தால் நாலு என்று வைத்தால் இரண்டே சுற்றில் உங்கள் சீட்டை எல்லாரும் வாசித்துவிடுவார்கள். எங்கள் மச்சாள் ஒருத்தி அப்படித்தான் வாசிப்பாள். அவள் பார்ப்பது முகத்தை அல்ல, எத்தனை கொட்டை என்பதைத்தான்.

சரி, நீங்கள் ஆறு வைத்துக் கூட்டிவிட்டீர்கள், பின்னால் உள்ள ஒருவர் அதற்கு மேல் கூட்டி இருபது ஆக்குகிறார். இது மூன்றாவது பந்தயம், த்ரீ-பெட். இங்கே பெருமை பார்க்கக்கூடாது. ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி இருந்தால் இன்னும் கூட்டுங்கள். ராணி ஜோடி, ஏஸ்–ராஜா இருந்தால் தொடரலாம். ஜாக் ஜோடி, பத்து ஜோடி இருந்தால் ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மாரி முழுக்க ஒரு தடவைகூட வீணாகக் கூட்டாத சித்தப்பா கூட்டினால் நான் மடக்கிவிடுவேன். ஏஸ்–ராணி, ராஜா–ராணி, எட்டு ஜோடி போன்றவற்றைப் பழகும் காலத்தில் மடக்குவதே நல்லது. ஏனென்றால் முதல் ஆள் கூட்டியதைப் பார்த்த பிறகும் ஒருவர் கூட்டுகிறார், அதற்கு உங்களுடையதைவிட வலுவான கை தேவை. ஆறு கொட்டையோடு விடுவது ஒரு நட்டமல்ல.

சிறிய ஜோடிகளைப் பற்றி ஒன்று. ஏழு ஜோடி வைத்திருந்தால் ஃப்ளாப்பில் மூன்றாவது ஏழு விழ வாய்ப்பு ஏறத்தாழ 12 சதவீதம், எட்டரைத் தடவைக்கு ஒன்று. விழுந்தால் எதிராளிக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் மிகப் பெரிய கை அது. விழாவிட்டால் பெரும்பாலும் ஒரு தடவையோடு விட்டுவிடுங்கள். ஃப்ளாப்பில் ராணி, ஜாக், ஐந்து விழுந்த பிறகு ஏழு ஜோடியைத் தூக்கிக்கொண்டு மூன்று சுற்றுப் போவது முன்னிருக்கையில் மிகச் செலவான பழக்கம்.

ஃப்ளாப் விழுந்த பிறகு

நீங்கள் முதல் கதிரையில் கூட்டினீர்கள், பட்டன் மட்டும் தொடர்ந்தது, நடுவில் 15 கொட்டை. இப்போது நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். நடுவில் விழுந்த மூன்றையும் முதலில் ஒரு கேள்வியோடு பாருங்கள்: இந்த மூன்றும் முதலில் கூட்டியவருக்கு உதவுமா, தொடர்ந்தவருக்கு உதவுமா?

ராஜா, ஏழு, இரண்டு. மூன்றும் வெவ்வேறு இனம் என்று வைத்துக்கொள்வோம். முதல் கதிரையில் கூட்டுபவரிடம் ஏஸ்–ராஜா, ராஜா–ராணி, ராஜா ஜோடி, ஏஸ் ஜோடி எல்லாம் இருக்க வாய்ப்பு அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். தொடர்ந்தவரிடம் ஏஸ் ஜோடியும் ராஜா ஜோடியும் இருந்திருந்தால் அவர் அப்போதே கூட்டியிருப்பார். அதனால் இந்த ஃப்ளாப் உங்கள் பக்கம். குவியலின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஐந்து கொட்டை, வைத்தாலே போதும். ஐந்து வைத்து 15ஐ வெல்லப் பார்க்கிறீர்கள். நாலு தடவைக்கு ஒரு தடவை அவர் மடக்கினாலே செலவு திரும்பிவிடும். கையில் ஏஸ்–ராணி மட்டும் இருந்து ஒன்றும் பொருந்தாவிட்டாலும் இந்தப் பந்தயத்தை வைக்கலாம்.

இப்போது எட்டு, ஏழு, ஆறு. அதில் இரண்டு ஆடத்தன் என்று நினையுங்கள். பட்டனில் தொடர்ந்தவரிடம் ஒன்பது–எட்டு, ஏழு ஜோடி, ஆறு ஜோடி, ஒரே இனத்து பத்து–ஒன்பது போன்றவை நிறைய இருக்கும். உங்களிடம் பெரும்பாலும் பெரிய சீட்டுகள். ஏஸ்–ராஜா வைத்துக்கொண்டு இங்கே பந்தயம் வைத்தால் அவர் விடமாட்டார், சில நேரம் கூட்டியும் விடுவார். தட்டிவிடுங்கள். அவர் வைத்தால் மடக்குங்கள். ராணி ஜோடி இருந்தால் தட்டிவிட்டு அவர் வைப்பதைத் தொடரலாம், அல்லது குவியலின் பாதிக்கு மேல் வைக்கலாம். ஆனால் அவர் பெரிதாகக் கூட்டினால் அந்த ஜோடியின் மேல் மொத்தக் கொட்டையையும் கொட்டவேண்டாம்.

தட்டுவதைப் பயந்த வேலை என்று நினைத்து, முதலில் கூட்டியவர் கட்டாயம் தொடர்ந்து பந்தயம் வைக்க வேண்டும் என்று நம்புகிறவர்கள் உண்டு. நானும் நம்பினேன். முன்னிருக்கையில் தட்டுவது ஒரு சாதாரண, நல்ல ஆட்டம். சில நேரம் மிக வலுவான கையோடும் தட்டுங்கள். பின்னால் இருப்பவர் பந்தயம் வைத்ததும் நீங்கள் கூட்டலாம். இதற்கு செக்-ரெய்ஸ் என்று பெயர். கடைசியாகப் பேசும் வசதி அவருக்கு இருக்க, அந்த ஒரு சுற்றில் அவருடைய செயலைப் பார்த்த பிறகு நீங்கள் பேசுகிறீர்கள். முதலில் பேசுபவர் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் இது. இதை ஒரு ஆளுக்கு இரண்டு தடவை செய்துவிட்டால், நீங்கள் வெறுங்கையோடு தட்டும்போதும் அவர் யோசித்துத்தான் வைப்பார்.

பிளைண்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃப்ளாப்புக்கு முன் அவர்கள்தான் கடைசியாகப் பேசுகிறார்கள், ஃப்ளாப்புக்குப் பின் அவர்கள்தான் முதல். பெரிய பிளைண்டுக்கு ஒரு தள்ளுபடி இருக்கிறது. பட்டன் ஐந்து ஆக்கி, சிறிய பிளைண்ட் மடக்கிவிட்டால், நடுவில் எட்டு இருக்கும், பெரிய பிளைண்ட் இன்னும் மூன்று கொடுத்தால் போதும். 11இல் 3, அதாவது 27 சதவீதம் வெல்லும் கையாக இருந்தாலே கணக்குச் சரிவரும். அதனால் பட்டனை எதிர்த்துக் கொஞ்சம் தாராளமாகத் தொடரலாம். சிறிய பிளைண்டோ நாலு கொடுக்க வேண்டும், பின்னால் பெரிய பிளைண்ட் இன்னும் பேசவில்லை, ஃப்ளாப்புக்குப் பின் மூன்று சுற்றிலும் இவரே முதல் ஆள். மேசையில் மிக மோசமான கதிரை அதுதான். அங்கே வைத்த ஒரு கொட்டையை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று போகாதீர்கள். நடுவில் போன பிறகு அது உங்களுடையதல்ல.

பழகுவதற்கு ஆட்களே தேவையில்லை, மழை நாளில் தனியாக இருந்தும் செய்யலாம். பாயில் ஒன்பது கை போடுங்கள், எல்லாம் கவிழ்த்தபடி. முதல் ஆளின் இரண்டு சீட்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். கூட்டுவீர்களா, மடக்குவீர்களா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு மற்ற எட்டையும் ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். அந்த எட்டில் யார் தொடர்ந்திருப்பார், யார் கூட்டியிருப்பார் என்று பாருங்கள். அப்புறம் அதே இரண்டு சீட்டை எடுத்துப் பட்டனில் வைத்து, மிச்ச ஐம்பதையும் கலக்கிப் பிளைண்டுகளுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். ராஜா–ஜாக் வரும் நாளில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். முதல் கதிரையில் அதற்கு எதிராக எத்தனை தடவை ஒரு ஏஸ்–ராஜாவோ ராணி ஜோடியோ திரும்பிக் கிடக்கிறது, பட்டனில் எத்தனை தடவை என்று ஒரு கொப்பியில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். நான் செய்த கொப்பி இன்னும் சித்தப்பா வீட்டு அலுமாரியில், புளியங்கொட்டைப் பைக்குப் பக்கத்தில் இருக்கிறது.